ஷாங்காயிலிருந்து ஒரு நாள், தனி வழிகாட்டியோடு கால்வாய் ஊர்: ஜோஜுவாங்கா, டோங்லியா?

கிள்ளான்வாசகி | ஆகஸ்ட் 19, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் ஷாங்காய் போகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகள், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு அடுத்த மாதம் 66 ஆகிறது. இடது முழங்காலில் தேய்மானம். படி ஏறுவார், ஆனால் மெதுவாக. சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

இந்தப் பயணமே அம்மாவுக்காகத்தான். நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் தெருமுனைச் சீனர் மளிகைக் கடையில் கொடுத்த நாட்காட்டி ஒன்றில் கல்பாலமும், அடியில் போகும் படகும், கரையோரம் வெள்ளைச் சுவர் வீடுகளும் இருந்தன. வருஷம் முடிந்ததும் அம்மா அந்தப் படத்தை மட்டும் வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினார். வீடு மாறியபோது படமும் கூடவே வந்தது. எந்த ஊர் என்று அதில் தமிழிலோ மலாயிலோ எழுதவில்லை.

ஒரு நிறுவனத்திடம் தனிக் கார், ஓட்டுநர், ஆங்கிலம் பேசும் வழிகாட்டி என்று விலை கேட்டேன். நாலு பேருக்கும் சேர்த்து 2,400 யுவான் சொல்கிறார்கள். காலை 8 முதல் மாலை 6 வரை. ஜோஜுவாங், டோங்லி இரண்டு ஊர், நடுவில் மதியச் சாப்பாடு, ஒரு பட்டுக் கூடம். இவ்வளவு கொடுப்பது தகுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

நடைவண்டி | ஆகஸ்ட் 19, இரவு 10:15

வழிகாட்டியே தேவையில்லை என்பது என் கருத்து. ஷாங்காய்க்குள்ளேயே ஜுஜியாஜியாவ் இருக்கிறது. மெட்ரோ 17ஆம் தடம் 2017 கடைசியில் வந்துவிட்டது. நிலையத்திலிருந்து கால் மணி நேரத்துக்குச் சற்று மேலே நடந்தால் ஊர். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. ஐந்து கண் வைத்த பாங்ஷெங் பாலம் 1571இல் ஒரு பிக்கு கட்டியது, அதன் மேல் நின்றாலே போதும். நாலு பேருக்கும் போக்குவரத்துச் செலவு நூறு யுவானைத் தொடாது. மிச்சக் காசில் நல்ல ஓட்டலில் ஒரு இரவு கூடத் தங்கலாம்.

ஓடக்காரன் | ஆகஸ்ட் 20, காலை 7:05

இந்த இரண்டு ஊருக்கும் பக்கத்து நகரமான சூஜோவில் ஆறு வருஷமாக வேலை. ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்தக் கால்வாய் ஊர்களுக்குக் கூட்டிப் போவது நான்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், இரண்டு ஊர் வேண்டாம் சகோதரி. ஒன்று போதும்.

கணக்குப் பாருங்கள். ஷாங்காய் நகரத்திலிருந்து ஜோஜுவாங் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து டோங்லி அரை மணிக்கு மேல். டோங்லியிலிருந்து மாலை நெரிசலில் திரும்ப இரண்டு மணி நேரம் வையுங்கள். பத்து மணி நேரத்தில் நாலு மணி காரிலேயே போய்விட்டது. சாப்பாடு ஒரு மணி, பட்டுக் கூடம் ஒரு மணி. மிச்சம் நாலு மணி நேரத்தை இரண்டு ஊருக்குப் பங்கு போட வேண்டும். பழைய ஊருக்குள் கார் போகாது, நிறுத்துமிடத்திலிருந்து நடக்க வேண்டும். அந்த நடையை ஒரே நாளில் இரண்டு தடவை நடந்து திரும்பச் சொன்னால் அம்மாவின் முழங்கால் தாங்காது.

நடைவண்டி சொல்வது இளவட்டங்களுக்குச் சரி. 66 வயதும் ஒன்பது வயதும் ஒன்றாக வரும் குடும்பத்துக்கு, வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும் கார் ஆடம்பரம் இல்லை.

அப்புறம் வழிகாட்டி. தண்ணீரையும் பாலத்தையும் யாரும் சொல்லாமலே பார்த்துக்கொள்ளலாம். வீடுகளுக்குத்தான் ஆள் வேண்டும். ஜோஜுவாங்கில் ஜாங் மாளிகை என்று ஒன்று, 15ஆம் நூற்றாண்டில் மிங் காலத்தில் கட்டியது. பின்கட்டுக்குப் போனால் வீட்டுக்குள்ளேயே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. பல்லக்கு முன்வாசல் வழியாக வரும், படகு வீட்டுக்குள்ளே புகுந்து போகும் என்று அங்கே வசனமே உண்டு. அந்த இடத்தில் மூன்று மீட்டர் சதுரத்துக்கு ஒரு குளம் விட்டிருக்கிறார்கள், படகு திரும்புவதற்கு. யாரும் சொல்லாவிட்டால் மீன் வளர்க்கும் தொட்டி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். அரிசியும் விறகும் அந்த வழியாகத்தான் அடுப்படிக்கு வந்தன என்று தெரிந்த பிறகு, அந்த வீடு முழுக்க வேறு மாதிரி தெரியும்.

வழிகாட்டிக்கு உரிம அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே உரிமம் இல்லாமல் வழிகாட்டக் கூடாது. 'ஓட்டுநரே எல்லாம் சொல்வார்' என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்புவோம் என்று நீங்களே நேரம் வையுங்கள். பத்து மணிக்கு மேல் பெரிய பேருந்துகள் வர ஆரம்பிக்கும். அதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் கரையில் துணி அலசும் பாட்டிகளைப் பார்ப்பீர்கள், அதற்குப் பின் முதுகுகளைத்தான்.

சிங்கைச்சிட்டு | ஆகஸ்ட் 20, காலை 8:30

அந்தப் பட்டுக் கூடத்தை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள்க்கா. இரண்டு வருஷம் முன்னால் நாங்கள் போனபோது 'இருபது நிமிஷம் சும்மா பார்க்கலாம்' என்றுதான் சொன்னார்கள். பட்டுப் புழு, கூடு, நூல் எல்லாம் பத்து நிமிஷம். பிறகு பட்டுப் பஞ்சு மெத்தை விற்கும் அறை. அதற்கப்புறம் முத்துக் கடை. வெளியே வரும்போது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மதிய வெயில், படகுக்கு நீண்ட வரிசை. என் மாமியார் படகு ஏறாமலே திரும்பினார். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது, காசு போனதற்காக இல்லை.

சீனாவின் சுற்றுலாச் சட்டம் 2013 அக்டோபரில் அமலுக்கு வந்தது. குறைந்த விலை காட்டி அழைத்துப்போய்க் கடையில் கமிஷன் பார்ப்பதை அது தடுக்கிறது. ஆனால் நாமே சம்மதித்தால் கடை நிறுத்தம் வைக்கலாம். அதனால் 'கடை எதுவும் வேண்டாம்' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிள்ளான்வாசகி | ஆகஸ்ட் 20, மாலை 6:20

ஓடக்காரன் அண்ணா, சிட்டு, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இப்போதே பட்டுக் கூடத்தை எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன்.

நாட்காட்டிப் படத்தை மறுபடி உற்றுப் பார்த்தேன். ஒரு பாலம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இரண்டு இருக்கிறது! ஒன்றுக்கு வட்டமான கண், பக்கத்திலேயே குறுக்காக இன்னொன்று, அதன் கண் சதுரமாக இருக்கிறது. இது எந்த ஊர் என்று யாருக்காவது தெரியுமா?

ஓடக்காரன் | ஆகஸ்ட் 20, இரவு 8:50

சந்தேகமே வேண்டாம், ஜோஜுவாங்கின் இரட்டைப் பாலம். ஷிடே பாலம், யோங்கான் பாலம். இரண்டு கால்வாய் கூடும் மூலையில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்பவை. மிங் பேரரசர் வான்லி காலத்தில், 1573க்கும் 1619க்கும் நடுவில் கட்டியது. சேர்த்துப் பார்த்தால் பழைய காலத்துச் சாவி போல இருக்கும். உள்ளூர்க்காரர்கள் சாவிப் பாலம் என்றே சொல்கிறார்கள்.

உங்கள் அம்மா மாதிரி உலகத்தில் நிறையப் பேர் இந்தப் பாலத்தைப் படத்தில்தான் முதலில் பார்த்தார்கள். ஓவியர் சென் யீஃபெய் 1984இல் இதை வரைந்தார். அமெரிக்க எண்ணெய் வியாபாரி ஆர்மண்ட் ஹாமர் அந்த ஓவியத்தை வாங்கி, அதே வருஷம் சீனா வந்தபோது சீனத் தலைவர் டெங் சியாவோபிங்குக்குப் பரிசாகக் கொடுத்தார். அடுத்த வருஷம் ஐக்கிய நாடுகளின் முதல் நாள் அஞ்சல் உறையில் அது வந்தது. அதற்கு முன் வெளியே அவ்வளவாகப் பெயர் தெரியாத ஊர் ஜோஜுவாங்.

அப்படியானால் ஜோஜுவாங்தான் என்று முடித்துவிடலாம். ஆனால் ஒன்று சொல்லாமல் விட்டால் எனக்கே உறுத்தும். அம்மாவுக்கு 66 என்றீர்களே, டோங்லியில் அதற்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது.

டோங்லி ஊர் நடுவில் மூன்று கால்வாய் கூடுகிற இடத்தில் மூன்று சின்னப் பாலங்கள். தைப்பிங், ஜிலி, சாங்சிங். அமைதி, மங்கலம், நீடித்த கொண்டாட்டம் என்று பொருள். கல்யாண ஊர்வலம் மூன்றையும் கடக்க வேண்டும். குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆனால் தூக்கிக்கொண்டு கடப்பார்கள். 66 வயது நிறைகிறவர் பிறந்தநாள் அன்று மதியச் சாப்பாடு முடித்து ஜிலி பாலத்தைக் கடக்க வேண்டும். வயது எண்ணும் முறையில் அவர்களுக்கும் நமக்கும் ஒரு வருஷம் முன்பின் இருக்கும், அதனால் என்ன. பாலங்கள் மூன்றும் பக்கம் பக்கமாகத்தான் இருக்கின்றன, படிகளும் குறைவு. கைப்பிடித்து நடத்தினால் அம்மா நடந்துவிடுவார்.

முடிவு உங்கள் வீட்டில். எதுவானாலும் ஒன்றே ஒன்று.

கல்லணை | ஆகஸ்ட் 21, காலை 11:10

கட்டடக்கலை படித்தவன் என்பதால் டோங்லிக்கு என் ஓட்டு. காரணம் துய்சி தோட்டம். ரென் லான்ஷெங் என்ற அதிகாரி 1885இல் பதவி பறிக்கப்பட்டு ஊர் திரும்பிக் கட்டியது. ஓவியர் யுவான் லோங் வடிவமைத்து 1887இல் முடிந்தது. 'விலகி நின்று குறைகளை எண்ணிப் பார்' என்ற பழைய வாசகத்திலிருந்து பெயர். 2000இல் சூஜோ தோட்டங்களோடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பணக்காரர் வீடு வழக்கமாக வாசலிலிருந்து பின்னோக்கிக் கட்டுக் கட்டாக நீளும். இது பக்கவாட்டில் போகிறது. மேற்கே குடியிருப்பு, நடுவில் முற்றம், கிழக்கே தோட்டம். பதவி போன மனிதர், வாசலில் நின்று பார்க்கிறவனுக்கு வீட்டின் ஆழம் தெரியக் கூடாது என்று நினைத்தார் என்பார்கள். உள்ளே மண்டபங்கள் எல்லாம் குளத்து நீரை ஒட்டித் தாழ்வாக நிற்கின்றன. படகு வடிவில் ஒரு மண்டபம் தண்ணீருக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் மகளுக்கு அது பிடிக்கும், அடியில் சிவப்பு மீன்கள் கூட்டமாக வரும்.

'எல்லாம் கடைத்தெரு ஆகிவிட்டது' என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஆனால் 1980களில் ரோடு போட வேண்டும், கால்வாயை மூட வேண்டும் என்று எல்லா ஊரும் துடித்துக்கொண்டிருந்த காலத்தில், டோங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யீசான் ஊர் ஊராகப் போய்க் கெஞ்சிப் பாதுகாப்புத் திட்டம் போட்டுக் கொடுத்தார். அவர் மாதிரி ஆட்கள் இல்லாவிட்டால் இன்றைக்குக் குறை சொல்லக்கூட ஊர் இருந்திருக்காது. டோங்லியில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். இன்னொரு கால்வாய் ஊரான வூஜென்னின் மேற்குப் பகுதி பார்க்க அதைவிடச் சுத்தமாக இருக்கும், ஆனால் 2007இல் திறப்பதற்கு முன்பே அங்கே இருந்தவர்களை வெளியே குடிவைத்துவிட்டார்கள்.

மரக்கறி | ஆகஸ்ட் 21, பிற்பகல் 3:45

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், நானும் பிறவிச் சைவம். சாப்பாட்டு விஷயம் மட்டும் சொல்லுறன்.

கீரை, டோஃபு எண்டு கண்ணுக்குச் சைவமாத் தெரியிறதையும் நம்பக் கூடாது. பன்றிக் கொழுப்பில வதக்கியிருப்பினம், இல்லாட்டி சிப்பிச் சாறு ஊத்தியிருப்பினம், கோழித்தூள் போட்டிருப்பினம். கேட்கிற இடத்தில 'இறைச்சி இல்லை' எண்டுதான் சொல்லுவினம், அது பொய் இல்லை, அவைக்குக் கொழுப்பு இறைச்சிக் கணக்கில வராது. வழிகாட்டியிட்ட முதல் நாளே கதைச்சு, 'பிக்குமார் சாப்பிடுற சாப்பாடு' எண்டு சொல்லி உணவகத்துக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லுங்கோ. அது எல்லாருக்கும் விளங்கும். வெங்காயம் உள்ளியும் போடாயினம்.

அம்மாவுக்குத் தாமரைக் கிழங்கு வாங்கிக் குடுங்கோ. துளைக்குள்ள ஒட்டரிசி அடைச்சு அவிச்சு, ஒஸ்மாந்தஸ் பூப்பாகு ஊத்தித் தருவினம். அப்புறம் செப்டம்பரில போறீங்கள் எண்டால் ஜித்தோமி. அல்லி மாதிரி முள் நிறைஞ்ச ஒரு நீர்ச்செடியின்ர விதை. இந்தியக் கடையில 'தாமரை விதை' எண்டு பொரி விக்கிற மகானா இருக்கெல்லோ, அது உண்மையில தாமரை இல்லை, இந்தச் செடிதான். அவை பொரிக்காமல் பச்சையா உரிச்சு இனிப்புக் கஞ்சி வைப்பினம். முத்து மாதிரி இருக்கும்.

கிள்ளான்வாசகி | ஆகஸ்ட் 23, இரவு 9:15

முடிவாகிவிட்டது!

நேற்று அம்மாவிடம் இரண்டையும் சொன்னேன். படத்தில் இருப்பது ஜோஜுவாங், 66 வயதுக்காரர் நடக்கும் பாலம் டோங்லியில் என்று. அவசரப்படாமல் தேநீர் குடித்து முடித்தார். 'அந்தப் பாலத்தைத்தான் இருபத்தஞ்சு வருஷமா பார்த்தாச்சே, நடக்கிற பாலத்துக்கே போவோம்' என்றார்.

வழிகாட்டிக்கு இப்படி எழுதினேன்: டோங்லி மட்டும். காலை 7 மணிக்குக் கிளம்புகிறோம். கடை எதுவும் வேண்டாம். அம்மா அரை மணி நடந்தால் பத்து நிமிஷம் உட்கார வேண்டும், நிழலான இடங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மதியம் பிக்கு சாப்பாடு, அதோடு பிறந்தநாளுக்காக நூடுல்ஸ். சாப்பிட்ட பிறகு மூன்று பாலம். ஒரு ஊர் குறைந்ததால் 1,900 யுவான் ஆகிவிட்டது. நுழைவுச் சீட்டு தனி.

நடைவண்டி | ஆகஸ்ட் 23, இரவு 10:02

நல்ல முடிவு. 66 விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் மெட்ரோ யோசனையே சொல்லியிருக்க மாட்டேன். பின்னால் படிப்பவர்களுக்காக ஒரு தகவல் மட்டும்: டோங்லிக்கும் மெட்ரோ உண்டு, சூஜோ 4ஆம் தடத்தின் கடைசி நிலையம். அங்கிருந்து பழைய ஊருக்குப் பேருந்து. கிள்ளான்வாசகி, எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும், சீட்டு வாங்கக் கேட்பார்கள். அக்டோபர் 1 முதல் வரும் தேசிய விடுமுறை வாரத்தில் மட்டும் யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள், பாலத்தில் நிற்க இடம் இருக்காது.

கிள்ளான்வாசகி | செப்டம்பர் 22, இரவு 8:30

போய் வந்துவிட்டோம். கேள்வி கேட்டுவிட்டுக் காணாமல் போவது எனக்குப் பிடிக்காது, அதனால் முழுசாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை போனோம். ஒன்பதுக்கு முன்பே உள்ளே இருந்தோம். வழிகாட்டி முப்பது வயதுப் பெண், பக்கத்து ஊர்க்காரர். அவர் முதலில் செய்த காரியத்திலேயே எனக்கு நிம்மதி வந்துவிட்டது. அம்மாவின் செருப்பைப் பார்த்தார், கல்தளம் ஈரமாக இருக்கும் இடங்கள் எவை என்று சொன்னார், பிறகுதான் தன் பெயரைச் சொன்னார்.

துய்சி தோட்டம் கல்லணை சொன்னதுபோலவே. அம்மா படகு மண்டபத்தில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. இரண்டு ஊர்த் திட்டமாக இருந்தால் அந்த நேரத்தில் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். பதவி போன அதிகாரியின் கதையை வழிகாட்டி சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். 'இவ்வளவு அழகா கட்டிட்டு, குறையை நினைக்க அந்த மனுஷனுக்கு எப்படி முடிஞ்சிருக்கும்' என்று அம்மா கேட்டார். அதை மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் சிரித்துவிட்டு, அவரும் இங்கே நீண்ட நாள் இருக்கவில்லை, மறுபடி பதவிக்குக் கூப்பிட்டதும் போய்விட்டார் என்றார்.

படகு. பின்பக்கம் நின்றுகொண்டு ஒற்றைத் துடுப்பை மீன் வாலை ஆட்டுவதுபோல அசைத்தே ஓட்டுகிறார்கள், தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பதே இல்லை. கரைக் கற்களில் கயிறு கட்டுவதற்கு மாட்டு மூக்குப் போல ஓட்டை செதுக்கியிருக்கிறது. மகள் அதை எண்ண ஆரம்பித்து 31இல் விட்டாள், ஏனென்றால் அங்கே ஒருவர் நீர்க்காகங்களை மூங்கிலில் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். மீன் பிடிக்கும் பறவைகள். அதற்கப்புறம் அவளுக்குப் பாலமும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம்.

இனி ஜித்தோமி. மரக்கறி அண்ணனுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும். ஒரு சந்தில் வீட்டு வாசலில் பாட்டி ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். கட்டை விரலில் உலோக நகம் மாட்டியிருந்தார். கோலிக்குண்டை விடச் சின்ன, பழுப்பு நிற விதை. நகத்தால் ஓர் அழுத்து, ஒரு திருப்பு, தோடு இரண்டாகப் பிளந்து வெள்ளையாக உள்ளே இருப்பது தண்ணீர்க் கிண்ணத்தில் விழும். அழுத்தம் கூடினால் நசுங்கிவிடும், நசுங்கினதை விற்க முடியாது. அம்மா நின்றுவிட்டார். பாட்டி நிமிர்ந்து பார்த்து, ஒன்றும் பேசாமல் பக்கத்து முக்காலியைக் காலால் தள்ளினார். அம்மா உட்கார்ந்தார். இன்னொரு நகத்தை எடுத்து அம்மா விரலில் மாட்டிவிட்டார் பாட்டி.

முதல் நாலு நசுங்கின. ஐந்தாவது முழுசாக வந்தது. அரை மணி நேரம் இரண்டு பேரும் உரித்தார்கள். அம்மா தமிழில் பேசினார், பாட்டி தன் மொழியில் பேசினார். வழிகாட்டி தேவைப்பட்டபோது மட்டும் நடுவில் வந்து, மற்ற நேரம் தள்ளி நின்றார். அந்தத் தள்ளி நிற்றலுக்கே அவருக்குக் கொடுத்த காசு தகும் என்பேன். பாட்டிக்கு வயது 71. அம்மாவுக்கு 66 என்று தெரிந்ததும் வேலையை நிறுத்திவிட்டார். 'நூடுல்ஸ் சாப்பிட்டாச்சா, பாலம் நடந்தாச்சா' என்று கேட்டாராம்.

மதியம் காளான் நூடுல்ஸ், தாமரைக் கிழங்கு, பச்சை மொச்சை. உணவகத்தில் தனியாக வாணலி கழுவி வைத்திருந்தார்கள். அப்புறம் பாலம். தைப்பிங்கில் நான் கைப்பிடித்தேன். ஜிலி வளைவுப் பாலம், அதில் மட்டும் அம்மா கையை விடச் சொன்னார். கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, இறங்கினார். எதிர்க்கரையில் தேநீர்க் கடைக்காரர்கள் என்ன விஷயம் என்று வழிகாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கை தட்டினார்கள். மூன்றாவது பாலத்தில் மகள் பாட்டியை முந்திப் போய்ப் படம் எடுத்தாள்.

மழை இல்லை, ஆனால் புழுக்கம் நம் ஊரைப் போலத்தான். மாற்றுச் சட்டை எடுத்துப் போங்கள்.

சிங்கைச்சிட்டு | செப்டம்பர் 22, இரவு 9:05

படித்து முடித்தபோது கண் கலங்கிவிட்டதுக்கா. அடுத்த வருஷம் மாமியாரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன். அந்த வழிகாட்டியின் தொடர்பைத் தனிச் செய்தியில் அனுப்ப முடியுமா? பணம் எப்படிக் கொடுத்தீர்கள்?

கிள்ளான்வாசகி | செப்டம்பர் 23, காலை 7:10

அனுப்புகிறேன் சிட்டு, அவரிடம் கேட்டுவிட்டு. பாதிப் பணம் முன்கூட்டி, மீதி திரும்பி வந்து இறங்கிய பிறகு. சில்லறைச் செலவுக்கு எங்கள் மலேசியப் பணச் செயலி டச் என் கோவே வேலை செய்தது. பாட்டியிடம் மட்டும் நோட்டாகக் கொடுத்தோம். அரைக் கிலோ ஜித்தோமி வாங்கினோம், அந்த நகத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நகத்தை அம்மா ஊருக்கே கொண்டு வந்துவிட்டார். நேற்று மாலை அதை மாட்டிக்கொண்டு மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார்.